நாற்பது கேள்விகள்

அந்தப் பெண்ணுக்கு அந்த ஊர் மொழியில் நாற்பது கேள்விகள் கேட்கத் தெரியும். நாற்பதும் தண்ணீர் பட்ட பாடு. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, நடந்தால் கூடுமா குறையுமா, மலம் ஒழுங்காகப் போகிறதா, வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று வரிசையாகக் கேட்பாள். உச்சரிப்பு என்றால் அப்படி ஓர் உச்சரிப்பு! கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்று சத்தியம் செய்யலாம். ஒரே ஒரு குறைதான். பதில் ஒன்றும் அவளுக்குப் புரியாது.

சிரிக்காதீர்கள். இது அவள் ஒருத்தியின் கூத்து இல்லை. மருத்துவம் படிக்கக் கடல் தாண்டி வந்த அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் கதை இதுதான். பாடம் ஆங்கிலத்தில், புத்தகம் ஆங்கிலத்தில், பரீட்சை ஆங்கிலத்தில். நோயாளி மட்டும் ஆங்கிலத்தில் கிடைப்பதில்லை. அதற்காக இரண்டாம் வருஷம் உள்ளூர் மொழியில் ஒரு தேர்வு வைப்பார்கள். நாற்பது கேள்விகளைத் தப்பில்லாமல் கேட்டுக் காட்டினால் பாஸ். பதில் புரிகிறதா என்று சோதிக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. இவள் குளியலறையில், படிக்கட்டில், பஸ்ஸில் என்று மூன்று மாதம் கிளிப்பிள்ளையாக ஒப்பித்து வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கினாள். அன்றைக்கு விழுந்த பெயர்தான் 'ரேடியோ'.

பெயர் வைத்தவனுக்கு 'வாய்' என்று பெயர். அவனும் தமிழ்ப் பையன்தான், அதே வகுப்பு. வாரக் கடைசியில் ஒரு காய்கறிக் கடைக்கு வேலைக்குப் போய், அழுகின தக்காளிக்காக வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டியே மொழியைக் கற்றுக்கொண்டவன். உச்சரிப்பு கர்ண கொடூரம். ஆனால் பல் இல்லாத கிழவர் முனகினாலும் அவனுக்குப் புரிந்துவிடும். ஆறு பேர் கொண்ட அவர்கள் குழுவில் நோயாளியிடம் பேசுவது அவன் வேலை. அவன் கேட்டுச் சொல்லச் சொல்ல மற்ற ஐந்து பேரும் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார்கள்.

"அழகா பேசுற, ஒத்துக்கறேன். ஆனா ரேடியோகிட்ட நாம ஏதாவது சொன்னா அதுக்குக் கேக்குமாடி?" என்று அவன் சீண்டுவான்.

"போடா, பழகப் பழக எல்லாம் வரும்" என்பாள்.

நாலாம் வருஷம் வந்துவிட்டது. அது மட்டும் வரவில்லை.

வாய் பக்கத்தில் இல்லாத நாட்களுக்கும் ஒரு வழி இருந்தது. மேல் வகுப்புக்காரர்கள் கீழ் வகுப்புக்குச் சீதனம் மாதிரி விட்டுப்போன ஒரு பைல். அதில் முழங்கால் வலிக்கு ஒன்று, மூச்சிரைப்புக்கு ஒன்று, வயிற்றுவலிக்கு ஒன்று என்று ஐம்பது நோயாளிகளின் வரலாறு தயாராக இருக்கும். வயதையும் தேதியையும் மாற்றினால் போதும். மற்றதெல்லாம் ஐம்பதிலும் ஒன்றுதான்: மலம் இயல்பு, வேறு மருந்து எதுவும் எடுப்பதில்லை, ஒவ்வாமை இல்லை. நோயாளி எதிரே பேசப் பேச இவள் "ம்... ம்..." என்று தலையை ஆட்டுவாள். பிறகு வெளியே வந்து பைலைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவாள். முதல் இரண்டு தடவை கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். மூன்றாம் தடவை வராந்தாவிலேயே எழுதினாள்.

வீட்டில் அவள் 'டாக்டரம்மா'. அம்மாவுக்குத் தையல் கடை. கடையில் நாலு பேர் கூடிவிட்டால் போதும், மகளைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள்.

"டாக்டரம்மா, அந்த ஊர் பாஷைல ரெண்டு வார்த்தை பேசு. இங்க அத்தைங்கல்லாம் ஆசையா கேக்கறாங்க."

இவளும் நாற்பதில் இரண்டை எடுத்து விடுவாள். 'மலம் ஒழுங்காகப் போகிறதா? என்ன நிறத்தில் போகிறது?' அங்கே ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த பெண்கள், "அடேயப்பா, என்னமா பேசுது!" என்று மாய்ந்து போவார்கள். அம்மாவின் பெருமைப் பெருமூச்சு தையல் இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் இவளுக்கு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது.

வாய்க்குக் காய்ச்சல் வந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான் இந்த வண்டி கவிழ்ந்தது.

அன்று அவளுக்குக் கொடுத்த நோயாளி, ஓய்வு பெற்ற ஒரு தபால்காரர். முப்பத்தைந்து வருஷம் மாடிப்படி ஏறி இறங்கிய முழங்கால், வீங்கிப் பூசணிக்காய் மாதிரி இருந்தது. நீரை எடுத்துவிடலாம் என்று சேர்த்திருந்தார்கள். அவருடைய மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ பின்னிக்கொண்டிருந்தாள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் கேள்வியைக் கேட்டாள். தபால்காரர் முகம் மலர்ந்துவிட்டது. வேற்று நாட்டுப் பெண் தன் மொழியை இவ்வளவு சுத்தமாகப் பேசுகிறதே என்று அவருக்கு ஆச்சரியம். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

பத்து நிமிஷம் முழங்காலைப் பற்றிப் பேசினார். அது அவளுக்கும் தெரிந்தது, அவர் கை முழங்கால் மேலேயே இருந்ததே. பிறகு மனைவியிடம் ஏதோ சொல்லி அவளைக் கீழே அனுப்பினார். அவள் போகும்வரை காத்திருந்தார். அதன் பிறகு குரலைத் தாழ்த்தினார். உள்ளங்கையை மேல்வயிற்றில் வைத்தார். இரண்டு விரலைக் காட்டினார், பிறகு நாலு விரல். மனைவி விட்டுப்போன கைப்பையைக் கண்ணால் காட்டி, வாயில் எதையோ போட்டு விழுங்குவது மாதிரி செய்தார். கழிப்பறைப் பக்கம் தலையைச் சாய்த்து, தன் கறுப்புக் காலணியைச் சுட்டினார். காதெல்லாம் சிவந்து போயிருந்தது மனுஷனுக்கு. சொல்லி முடித்து அவள் முகத்தைப் பார்த்தார்.

முழங்கால் வலியைச் சொல்ல யாராவது குரலைத் தாழ்த்துவார்களா? இவர் வேறு எதையோ சொல்கிறார், முக்கியமானதைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அதை மறைக்க வேண்டாம், நன்றாகவே தெரிந்தது. 'புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்று ஒரு வாக்கியம். மொழிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருப்பது. அதைச் சொன்னால் இவ்வளவு நேரம் ஆட்டிய தலைக்கு என்ன பதில் சொல்வது? அவள் தலையை ஆட்டினாள். நிதானமாக, எல்லாம் விளங்கிய டாக்டர் மாதிரி ஆட்டினாள். தபால்காரர் பெருமூச்சு விட்டு, அவள் கையைப் பிடித்து இரண்டு குலுக்குக் குலுக்கினார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய முகம் அது.

வராந்தாவில் நின்று பைலைத் திறந்து முழங்கால் வலியை எடுத்தாள். வயது அறுபத்தெட்டு என்று மாற்றினாள். மலம் இயல்பு. வேறு மருந்து எதுவும் இல்லை.

ஒரு பிரதியை வார்டு மேஜையில் போட்டுவிட்டு, தாளைப் பையில் வைக்கும்போது வார்டு டாக்டர் அரக்கப் பரக்க வந்தார். ஒற்றை ஆளாக முப்பது கட்டிலைப் பார்க்கிற மனுஷன். ஆங்கிலத்தில் கேட்டார்:

"அந்த தபால்காரர்கிட்ட நான் ஆரம்பிச்சா, எல்லாத்தையும் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், மறுபடி என்னைச் சொல்ல வைக்காதீங்கங்கறார். வெக்கப்படறார் போல. நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

இதோ, இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வரி. அவர் திட்டியிருப்பார், திரும்பிப் போய்க் கேட்டிருப்பார், அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவளைச் சுற்றி மற்ற நாலு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய ரேடியோ அவள்.

"விசேஷமா ஒண்ணும் இல்ல சார்" என்றாள்.

"நல்லது" என்று அவர் நடந்துகொண்டே வலிக்கு ஊசி எழுதினார். அவர் மேலும் தப்பு உண்டு, தானே கேட்டிருக்க வேண்டும். அது அவர் பாடு. இவள் பாடு வேறு.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். "இன்னைக்கு யாரப் பாத்த?"

"ஒரு தபால்காரர்."

"நல்லா பேசினாரா?"

"ம்... ரொம்ப நேரம் பேசினார்."

"பேசாம என்ன? அவங்க பாஷைலயே நீ கேக்கறியே, மனசுல இருக்கறது எல்லாம் தானா வெளிய வந்துடும்" என்றாள் அம்மா. இவள் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்தாள். காய்ச்சலில் கிடந்த வாயைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று போனை எடுத்தாள். பாவம், தூங்கட்டும் என்று வைத்துவிட்டாள். பாவம் பார்த்தது அவனையா தன்னையா என்று அவள் மனசாட்சிக்குத் தெரியும்.

மறுநாள் காலை தபால்காரர் கட்டில் காலியாக இருந்தது. படுக்கை விரிப்பை உருவிக் குவித்திருந்தார்கள். அதில் இருந்த நிறத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடியற்காலையில் ரத்தமாக வாந்தி எடுத்தாராம். வயிற்றுப் புண் உடைத்துக்கொண்டுவிட்டது. குழாயை விட்டுப் பார்த்து, கசிவை அடைத்து, மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றி ஆளைப் பிடித்து நிறுத்தினார்கள். மனைவியின் மூட்டுவலி மாத்திரையை மாதக்கணக்கில் திருட்டுத்தனமாக விழுங்கியிருக்கிறார், இரண்டு வேண்டிய இடத்தில் நாலு. இரண்டு வாரமாக மலம் கறுப்பாகப் போயிருக்கிறது, உள்ளே ரத்தம் கசிகிற அடையாளம். அதன் மேல் அதே வகை வலி ஊசியையும் போட்டால் என்ன ஆகும்?

அவளுக்கு அந்த இரண்டு விரலும் நாலு விரலும் கறுப்புக் காலணியும் ஒவ்வொன்றாகக் கண் முன்னே வந்தன. சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்குமே! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாணவி எழுதிய தாளை யார் தேடப் போகிறார்கள்? மூன்று நாள் அவள் அந்த வார்டு பக்கம் போகாமல் ஏதேதோ சாக்குச் சொல்லித் தப்பித்தாள்.

நாலாம் நாள் அந்தத் துறைப் பேராசிரியர் வார்டைச் சுற்றி வந்தபோது தப்பிக்க முடியவில்லை. தபால்காரர் வெளுத்துப் போய்ச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் அவருடைய மொழியில் அவரைக் கடிந்துகொண்டார். அவர் பதில் சொன்னார். காய்ச்சல் தேறி வந்த வாய், இவள் காதருகே தமிழில் முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

"மாத்திரை சாப்பிட்டத ஏன் மறைச்சீங்கங்கறாங்க... மறைக்கலங்கறார்... அந்த செவ்வாய்க்கிழமையே ஒரு பொண்ணுகிட்ட எல்லாம் சொன்னேங்கறார்... யாருடி அது?"

பேராசிரியர் கையை நீட்டினார். வார்டு டாக்டர் இவளுடைய தாளைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். மலம் இயல்பு. வேறு மருந்து எதுவும் இல்லை. மணியான ஆங்கிலம். அவர் வார்டு டாக்டரைப் பார்த்தார். வார்டு டாக்டர் தோளைக் குலுக்கினார்.

"ரத்தம் நிறையப் போனதுல குழப்பம் வந்திருக்கலாம். நேத்தும் இதையேதான் சொன்னார். அன்னைக்கு முழங்காலைப் பத்திச் சொன்னதோட இதையும் சொன்னதா நினைச்சுக்கறார். ஞாபக சக்தியையும் ஒரு தடவை சோதிச்சுடலாம்."

பேராசிரியர் தலையசைத்து, ஞாபகச் சோதனைக்கு எழுதச் சொன்னார். பெரிய நர்ஸ் அதை மனைவிக்கு எடுத்துச் சொன்னாள். மனைவியின் மடியிலிருந்து நூற்கண்டு உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. எடுக்கக்கூடக் குனியாமல் புருஷனையே பார்த்தாள். தபால்காரர் மனைவியைப் பார்த்தார், டாக்டர்களைப் பார்த்தார். நான்தான் தப்பாக நினைக்கிறேனோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்ட முகம். முப்பத்தைந்து வருஷம் ஒரு கடிதம்கூட வீடு மாறிப் போகாமல் கொடுத்த ஆள். பிறகு மாணவர் கூட்டத்துக்குள் கண்ணை ஓட்டி அவளைக் கண்டுபிடித்தார். விரல் நீட்டவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு ஒரு குறையும் வராது. தாள் அவள் பக்கம், டாக்டர்கள் அவள் பக்கம். மறதிக்காரர் என்ற பட்டம் மட்டும் அந்த மனுஷன் தலையில் ஏறும். அதோடு வீட்டுக்குப் போவார். அப்புறம் அவர் எதைச் சொன்னாலும் அந்த மனைவி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நம்புவாள்.

"இவர் சொன்னார்" என்றாள். அந்த ஊர் மொழியில்தான் சொன்னாள். நாற்பதில் இல்லாத வாக்கியம், நாக்கு குழறியது. "எல்லாம்... சொன்னார். எனக்குப் புரிய இல்லை. நான்... தலை ஆட்டி. நான் எழுதி... பொய்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பேராசிரியர் ஆங்கிலத்துக்கு மாறி, "என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?" என்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், பைல் உட்பட. மற்ற நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். பேராசிரியர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஞாபகச் சோதனையை அடித்துவிடச் சொன்னார், தபால்காரர் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். பிறகு இவளிடம், "இது வரைக்கும் நீ எழுதின தாள் அத்தனையும் நாளைக்கு என் மேஜைக்கு வரணும். அதுல நீ கேட்டது எது, கேட்காதது எதுன்னு பிரிச்சு எடுத்துட்டு வா. அந்த நோயாளிங்கல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்க, தெரியுமில்ல?" என்றார். அந்த வருஷம் செல்லாது என்று மத்தியானமே கடிதம் வந்தது.

விடுதி அறையில் கட்டில் மேல் தாள்களைப் பரப்பினாள். மொத்தம் அறுபத்தேழு. வாய் கூட இருந்து கேட்டது ஒரு பக்கம், இவளே தலையாட்டி எழுதியது ஒரு பக்கம். நடுவில் அம்மா கூப்பிட்டாள். பின்னால் கடைப் பெண்களின் பேச்சு.

"டாக்டரம்மா, ஸ்பீக்கர்ல போடறேன், ரெண்டு வார்த்தை..."

"போடாதம்மா. கொஞ்சம் வெளிய வா."

எல்லாம் சொன்னாள். வருஷம் போனதைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த மனுஷன் பொழச்சுட்டாரா?"

"பொழச்சுட்டார்."

"அவர்கிட்ட மன்னிப்பு கேட்டியா?"

"எப்படிக் கேக்கறதுன்னு தெரியலம்மா. அது அந்த நாப்பதுல இல்ல."

"அப்ப இத்தனை நாளா எங்களுக்குப் பேசிக் காட்டினது?" என்று மட்டும் அம்மா கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை வாய் அவள் உள்ளங்கையில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். பையில் இரண்டு கட்டுத் தாள். பேராசிரியர் அறைக்குப் போவதற்கு முன்னால் வார்டுக்குள் நுழைந்து தபால்காரர் கட்டிலருகே நின்றாள். உட்காரவில்லை. "தப்பு செய்துவிட்டேன். என்னை மன்னியுங்கள்" என்றாள். எப்போதும் போல அட்சர சுத்தமாக வந்தது. அப்படி வந்தது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

தபால்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். சட்டென்று ஏதோ கேட்டார். கழுத்து தானாக அசையப் போயிற்று, பழக்க தோஷம். அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"புரியவில்லை" என்றாள், முதல் பக்கத்து வாக்கியம். "மறுபடி சொல்லுங்கள்."

அவர் மறுபடி சொன்னார். அப்போதும் புரியவில்லை. மறுபடி கேட்டாள். அவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. வாசலில் நின்று முகவரி கேட்கிறவர் மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்து வைத்தார். என் மாதிரி. இன்னும். எத்தனை பேர்?

எண்கள் அவளுக்கு நூறு வரை தெரியும். வயது கேட்க வேண்டும் அல்லவா, அதனால் மொழித் தேர்வில் அதுவும் உண்டு.

"இருபத்து மூன்று" என்றாள். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. ஜன்னலோரம் பின்னிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.